உயரமான மலைகளில் குழுவாக ஒரு வார நடை: முழுமையான வழிகாட்டி

சாலை இல்லாத, கடை இல்லாத, போனில் ஒரு கோடு சிக்னல்கூட வராத உயரமான மலைகளுக்குள் நான்கைந்து பேராக ஒரு வாரம் நடப்பதைப் பற்றி எழுதுகிறேன். சுமை தூக்க ஆள் கிடையாது. டென்ட், அடுப்பு, சாப்பாடு எல்லாம் நம் முதுகில்தான். ஓரிரு நாள் ட்ரெக்கிங் போய்ப் பழகியவர்களுக்கு இது பயன்படும். இதுவரை ஓர் இரவுகூட டென்டில் தூங்காதவர்கள், முதலில் ஏதாவது தாழ்வான மலையில் இரண்டு நாள் போய்விட்டு வாருங்கள்.

எந்த ஷூ வாங்கலாம், எந்தப் பை நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் குழுவில் ஒருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால்தான். அதனால் ஆட்களில் இருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஆட்கள்

நான்கில் இருந்து ஆறு பேர் சரியான எண்ணிக்கை. நால்வர் என்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் அவரோடு இருப்பார், மற்ற இருவர் உதவி தேடிப் போவார்கள். யாரும் தனியாக விடப்பட மாட்டார்கள். ஆறுக்கு மேல் போனால் டென்ட் போடச் சமதளம் கிடைப்பது கஷ்டம், ஒவ்வொரு நிறுத்தமும் அரை மணி நேரம் இழுக்கும். பல தேசியப் பூங்காக்களில் குழுவின் அளவுக்கே வரம்பு உண்டு.

எல்லோருக்கும் ஒரே மாதிரி உடல் வலு வேண்டும் என்பதில்லை. ஆசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருவருக்கு உச்சி, இன்னொருவருக்குப் படம் எடுப்பது, மூன்றாமவருக்கு ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பது என்றால் மூன்றாம் நாளே முகம் சுளிக்கத் தொடங்கும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பாவது எல்லோரும் நேரில் ஒருமுறை உட்காருங்கள். "இந்தப் பயணத்தில் உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அப்புறம் சில விஷயங்களை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்: நடைவேகம் மிக மெதுவாக நடப்பவருடையது. கணவாயில் திரும்பும் நேரம் முன்கூட்டியே குறிக்கப்படும், அந்த நேரம் வந்தால் உச்சி கண்ணுக்கு முன்னால் நின்றாலும் திரும்புவோம். ஓர் ஆபத்தான இடத்தில் யாராவது ஒருவர் "வேண்டாம்" என்றால் மற்றவர்கள் வற்புறுத்த மாட்டார்கள். தலைவலி, குமட்டல், கால் கொப்புளம் எதுவானாலும் அன்று மாலையே சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் இருக்கும்போதே பேசுவதற்குக் காரணம், மேலே போனபின் பேச முடியாது என்பதுதான். களைப்பு, குளிர், குறைந்த ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் நிதானமான மனிதர்கூட பிடிவாதக்காரர் ஆகிவிடுவார்.

ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு தாள் எழுதி வாங்குங்கள். ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை, இதயம், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் பற்றிய விவரம், முன்பு உயரத்தில் உடம்பு சரியில்லாமல் போனதுண்டா என்பது, வீட்டு எண், காப்பீட்டு எண். காப்பீடு எடுக்கும்போது ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் உயர வரம்பு ஒன்று சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும்.

பாதையும் கணக்கும்

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு நாளுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் வரும். ஆனால் இது நல்ல பாதையில், லேசான சுமையோடு, நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. முழுச் சுமையோடு குழுவாகப் போகும்போது நான் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வேன். அதாவது ஆறு மணி நேரம். 4,000 மீட்டருக்கு மேலே இன்னும் கூட்டுங்கள்.

பாதையை வரையும்போது எல்லோரும் கிலோமீட்டரைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதைப் பாருங்கள். 3,000 மீட்டரைத் தாண்டியபின், முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்து தூங்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இரண்டாவது இரவு தங்க வேண்டும். உதாரணமாக 2,700, 3,100, 3,500, மறுபடி 3,500, 3,900 என்று போகலாம். பகலில் இதைவிட உயரமாக ஏறலாம், தவறில்லை. அந்தி சாய்வதற்குள் இறங்கி வந்து தூங்கினால் போதும்.

திட்டத்தில் ஒரு நாளாவது காலியாக இருக்கட்டும். மழையோ, பனியோ, யாருக்காவது காய்ச்சலோ அந்த நாளை எடுத்துக்கொள்ளும். அது இல்லாத குழு, வானம் கறுத்தாலும் "இன்னைக்கே தாண்டியாகணும்" என்று கணவாய்க்கு ஏறும். ஒவ்வொரு நாளுக்கும் நேராக இறங்கக்கூடிய ஒரு மாற்றுவழியையும் வரைபடத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

போனில் ஆஃப்லைன் வரைபடம் இருக்கட்டும். அதோடு 1:50,000 அல்லது 1:25,000 அளவில் அச்சடித்த வரைபடம் ஒன்று, திசைகாட்டி ஒன்று, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் குறைந்தது இருவர். குளிரில் போன் பேட்டரி எச்சரிக்கை இல்லாமல் செத்துப்போகும்.

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் முழுத் திட்டத்தையும் எழுதிக் கொடுங்கள். எந்த நாள், எந்த நேரம் வரை தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

உயரம் உடம்பை என்ன செய்கிறது

இந்தப் பகுதியை மட்டும் குழுவில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மேலே போனாலும் மாறுவதில்லை. காற்றழுத்தம்தான் குறைகிறது. 4,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீத ஆக்சிஜன்தான் கிடைக்கும், 5,500 மீட்டரில் பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அவகாசம் கேட்கும். இளமையோ உடற்பயிற்சியோ இதில் காப்பாற்றாது. மாரத்தான் ஓடுகிறவர் படுத்துவிடுவதும், தொப்பை விழுந்த ஐம்பது வயதுக்காரர் சாதாரணமாக நடப்பதும் உண்டு. வலுவானவர் வேகமாக ஏறிவிடுவார் என்பதால் அவருக்கே ஆபத்து கூடுதல்.

2,500 மீட்டருக்கு மேலே யாருக்கும் மலைநோய் வரலாம். பெரும்பாலும் புதிய உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கும். தலைவலி, அதோடு பசியின்மை, குமட்டல், தலைசுற்றல், அசதி. மேலே வந்தபின் தலைவலித்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை அது மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது எளிது: மேலே ஏறாதீர்கள். அங்கேயே தங்குங்கள். சரியானால் தொடரலாம். ஒரு நாளில் குறையாவிட்டாலோ, கூடினாலோ இறங்குங்கள்.

ஆளைக் கொல்லும் வடிவங்கள் இரண்டு. ஒன்று மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார். தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலோடு விரல் ஒட்டியபடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று நுரையீரலில் நீர் சேர்வது: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், விடாத இருமல், உதடு நீலமாகும். இரண்டுக்கும் மருந்து, கீழே இறங்குவதுதான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தனியாக அனுப்பவும் கூடாது. நோயாளி தேறும்வரை, 300 முதல் 1,000 மீட்டராவது இறக்க வேண்டும். இறங்கியபின் மருத்துவரிடம் காட்டுவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் குழுவில் ஒரு நண்பர், ஏறக்குறைய 4,200 மீட்டரில், காலையில் ஜாக்கெட்டின் ஜிப்பைப் போட முயன்றுகொண்டிருந்தார். ஜிப்பின் அடிமுனையை அதன் பூட்டுக்குள் நுழைக்க வேண்டும், அவ்வளவுதான். நுழைத்தார், வழுக்கியது. மறுபடி நுழைத்தார். கையுறை போட்டிருக்கவில்லை, விரல்கள் விறைத்திருக்கவும் இல்லை. நான்காவது முறை அவர் ஜிப்பையே வெறித்துப் பார்த்தபடி நின்றார், எதற்காக அதைப் பிடித்திருக்கிறோம் என்பது மறந்துபோனவரைப் போல. கோடு போட்டு நடக்கச் சொன்னோம். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார். அவர் பையைப் பிரித்துச் சுமந்துகொண்டு, இருபுறமும் இருவர் பிடித்தபடி உடனே இறங்கினோம். 700 மீட்டர் இறங்கியபின் பேச்சு தெளிந்தது. அப்போது சொன்னார்: "ரெண்டு நாளாவே தலைவலிதான். என்னால எல்லாருக்கும் கெட்டுடக் கூடாதுன்னு மாத்திரை போட்டுக்கிட்டேன்." அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு மாலையும் நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லையே என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு பழக்கம் வந்தது. மாலைச் சூப்போடு வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தலைவலி, பசி, தூக்கம், களைப்பு நான்குக்கும் பூஜ்யத்தில் இருந்து மூன்று வரை மதிப்பெண் சொல்ல வேண்டும். வலுவானவர் முதலில் சொல்வார். "எனக்குத் தலைவலி ஒன்று" என்று அவரே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும்.

அசிட்டசோலமைடு மாத்திரை பழகுவதை விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளில் இருந்து. மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மது, தூக்க மாத்திரை இரண்டும் மேலே வேண்டாம்.

இன்னொன்று, பயப்பட வேண்டாத ஒன்று. இரவில் பக்கத்தில் தூங்குபவர் மூச்சு வேகமாகி, மெதுவாகி, சில நொடிகள் அப்படியே நின்றுபோய், பிறகு பெருமூச்சாகத் திரும்பும். முதல்முறை கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். உயரத்தில் தூங்கும்போது இது பலருக்கும் சகஜம்.

சுமை

சுமை உடல் எடையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். ஐந்தில் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. 60 கிலோ ஆளுக்கு 12 முதல் 15 கிலோ.

கிளம்பும் வாரத்தில் ஒரு மாலை எல்லோரும் பையோடு கூடுங்கள். தொங்கும் தராசு ஒன்று வேண்டும். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இது வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஐந்து பேரிடம் ஐந்து பற்பசை, ஐந்து கத்தி, மூன்று பவர்பேங்க் இருக்கும். ஐந்து பேருக்கு இரண்டு பற்பசை போதும். பொதுப் பொருள்களைச் சரிசமமாகப் பிரிக்காதீர்கள், உடல் எடைக்கு ஏற்பப் பிரியுங்கள். 50 கிலோ எடையுள்ளவரும் 80 கிலோ எடையுள்ளவரும் ஒரே சுமை தூக்குவது நியாயமாகத் தெரியும், ஆனால் இலகுவானவர் பின்தங்குவார், அதில் எல்லோருடைய நாளும் நீளும். டென்டைத் துணி ஒருவரிடமும் கம்பி இன்னொருவரிடமும் என்று பிரித்தால், அந்த இருவரும் எப்போதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

உடையில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். நின்றால் மட்டும் போட்டுக்கொள்ள, பறவை இறகு அடைத்த ஒரு டவுன் ஜாக்கெட். தூங்கும்போது போட ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸும் தெர்மலும் தனிக் கவரில் இருக்கட்டும், பகலில் அதைத் தொடவே கூடாது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும், அடிவாரத்தில் 20 டிகிரி இருந்தால் 3,000 மீட்டர் மேலே பகலிலேயே பூஜ்யத்தை நெருங்கிவிடும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அடியில் விரிக்கும் மேட். குளிர் தரையில் இருந்துதான் அதிகம் ஏறும்.

வெயிலைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். புற ஊதாக் கதிர் 1,000 மீட்டருக்குப் பத்து சதவீதம்போலக் கூடும், புதுப்பனி அதில் பெரும்பகுதியை முகத்துக்கே திருப்பி அனுப்பும். கறுப்புக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று, குழுவுக்கு உபரியாக ஒன்று. பனியில் கண்ணாடி இல்லாமல் நடந்தவர் இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோலத் துடிப்பார்.

சாப்பாடு, அடுப்பு, தண்ணீர்

ஆளுக்கு நாளைக்கு 600 முதல் 900 கிராம் உலர் உணவு, 3,000 கலோரிக்குக் குறையாமல். கொட்டை வகைகள், சீஸ், எண்ணெய் போன்ற கொழுப்புள்ளவை எடைக்கு அதிகக் கலோரி தரும். உயரத்தில் பசி செத்துவிடும். அதனால் சத்தை மட்டும் பார்க்காமல், காய்ச்சல் நேரத்திலும் வாய்க்குப் பிடிப்பது எது என்று ஒவ்வொருவரையும் கேட்டு அதைச் சேருங்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பையில் கட்டி நாள் எண்ணை எழுதிவிட்டால், மூன்றாம் நாளே நல்லதெல்லாம் தீர்ந்துபோகாது.

மேலே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும், 4,000 மீட்டரில் 87 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். பயறு வகைகள் எளிதில் வேகாது. கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால் ஆகிவிடும் உணவே நல்லது. அடுப்பு இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று பழுதானால் பயணமே நின்றுவிடும். கேஸ் கேனிஸ்டரில் வெறும் பியூட்டேன் இருந்தால் உறைநிலைக் குளிரில் எரியாது, ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்தது வேண்டும். டென்டை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். பொங்கிக் கொதிக்கவைத்து, 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் வையுங்கள். ஃபில்டர் இருந்தால் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் போடுங்கள். ஒருமுறை உறைந்தால் உள்ளிருக்கும் நுண்குழல்கள் விரிசல் விடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. போனும் பேட்டரியும்கூட அங்கேயே தூங்கட்டும்.

நடக்கும் நாள்

விடியும் முன் எழுந்துவிடுங்கள். உயரமான மலைகளில் காலை நல்லது, மதியம் நம்பத்தகாதது. பனிப்பாறையில் இருந்து வரும் ஆறுகளும் அதிகாலையில்தான் குறைவாக ஓடும், வெயில் ஏற ஏற உருகி மாலையில் பெருகும்.

முன்னால் பாதை தெரிந்தவர், அவருக்கு அடுத்து மெதுவாக நடப்பவர், கடைசியில் முதலுதவிப் பையோடு வலுவான ஒருவர். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்னால் இருக்கக் கூடாது. கிளையாகப் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். பின்தங்கியவர் வந்ததும் மற்றவர்கள் எழுந்து நடக்கத் தொடங்குவது பலர் செய்யும் தவறு. களைத்து வந்தவருக்குத்தான் ஓய்வு தேவை, அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபின் கிளம்புங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

காலில் எங்காவது சூடாக உரசுவதுபோல் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று டேப் ஒட்டுங்கள். அடுத்த ஓய்வில் பார்க்கலாம் என்றால் அதற்குள் கொப்புளம் ஆகிவிடும்.

ஆற்றைக் கடக்கும் முன் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையைக் கழற்ற வேண்டும். ஷூவோடு இறங்குங்கள். பரந்து ஓடும் இடம் ஆழம் குறைவு, குறுகிய இடம் இழுக்கும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் காத்திருங்கள், அல்லது மறுநாள் காலை வாருங்கள்.

நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டி இறங்கியிருக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. முகட்டை விட்டு உடனே இறங்குங்கள். தனி மரம், குகை வாய், டென்ட் எதுவும் காப்பு அல்ல. இறங்க முடியாவிட்டால் ஒருவருக்கொருவர் 15 மீட்டராவது விலகி, தூங்க விரிக்கும் மேட்டையோ பையையோ காலடியில் போட்டுக் குந்தி உட்காருங்கள். பயத்தில் கூட்டமாக ஒட்டிக்கொள்ளத் தோன்றும், ஒரே மின்னல் அத்தனை பேரையும் தாக்கக்கூடும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் எழ வேண்டும்.

தங்குமிடம் வந்ததும் முதலில் உலர்ந்த உடை, அடுத்து டென்ட், அடுத்து சூடாக ஏதாவது. மலம் கழிக்க நீர்நிலையில் இருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி. காகிதத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உயரத்துக் குளிரில் எதுவும் எளிதில் மக்காது, மண்ணே இல்லாத பாறையிலும் பனியிலும் மலத்தையும் பையில் கட்டி எடுத்து வருவதுதான் சரி. கரடி நடமாடும் பகுதியில் சாப்பாட்டையும் பற்பசையையும் டென்டில் வைக்காமல், 100 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் நில்லுங்கள். அடிபட்டவருக்கு அடியில் மேட், மேலே ஸ்லீப்பிங் பேக். காயத்தைவிடக் குளிர் சீக்கிரம் ஆளை வீழ்த்தும். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. சூடாகாமலேயே நடுக்கம் நின்று, வார்த்தை தடுமாறினால் நிலைமை மோசம். அப்போது அவரை நடக்கவைக்கவோ, கை கால்களைத் தேய்க்கவோ கூடாது. அசையாமல் படுக்கவைத்து மார்புப் பக்கம் சூடாக்குங்கள்.

விசிலிலோ டார்ச்சிலோ நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. இது பல நாட்டு மலைகளில் புரியும் உதவிக் குரல். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். ஹெலிகாப்டர் வந்தால் இரு கைகளையும் மேலே விரித்து நின்றால் "உதவி வேண்டும்" என்று பொருள். செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியோ, இருக்கும் இடத்தை மீட்புக் குழுவுக்குத் தெரிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனோ ஒன்று குழுவில் இருப்பது மிக நல்லது. ஆனால் சில நாடுகளில் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் கருவி வைத்திருப்பதே குற்றம், எல்லை தாண்டும் முன் விசாரியுங்கள். அதை இயக்க எல்லோருக்கும் தெரிய வேண்டும். அடிபடுவது அதன் சொந்தக்காரராகவே இருக்கலாம்.

இறங்கும் நாளும் பிறகும்

கடைசி நாளில் மனம் முன்பே வீட்டுக்குப் போய்விடும், கால் மட்டும் மலையில் இருக்கும். தொடை தளர்ந்திருக்கும், அப்போதுதான் கணுக்கால் மடங்கும். ஊன்றி நடக்கும் குச்சியைக் கொஞ்சம் நீளமாக்கி, அடியைச் சிறிதாக வைத்து, வழக்கம்போல வரிசையிலேயே இறங்குங்கள். சிக்னல் வந்ததும் முதல் அழைப்பு, வீட்டில் நம் திட்டத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு.

டென்டை அன்றோ மறுநாளோ விரித்துக் காயவிடுங்கள், ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். மீந்த சாப்பாட்டையும் கேஸையும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடாமலே திரும்பி வந்த பொருள்களைத் தனியாக அடுக்கி ஒரு படம் எடுத்து, குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள். அடுத்த முறை தராசோடு கூடும் மாலையில் அந்தப் படம் வேண்டியிருக்கும்.